குஷாய்குடா சங்கும் ஒரு காலிக் கட்டமும்

இதை எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். பன்னெண்டாப்புல நான் கோட்டை விட்ட பாடமே வரலாறு. நான் போய் வரலாற்றுப் போட்டியைப் பத்தி எழுதுனா எங்க வரலாறு டீச்சரு சிரிச்சே மயங்கி விழுந்துருவாக. ஆனா ஊருக்குத் திரும்பி வந்ததுல இருந்து கடையில என் வாய் ஓயல. கூட வேலை பாக்குற முனீஸு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, "கத்துறதை எழுதித் தொலைடா, நேரம் இருந்தாப் படிக்கிறேன்"னுட்டான். எழுதித் தொலைக்கிறேன்.

நான் சாத்தூர்ல ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் போடுற ஆளு. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, மூணுக்கும் ஒரே பூ பார்டர்தான் போடுவேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல. எங்க அக்காவும் மச்சானும் ஹைதராபாத்ல, குஷாய்குடாவுல இருக்காக. அங்க இருக்கிற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில மச்சானுக்கு வேலை. செஞ்சு முடிச்ச சாமானை மீட்டர் வச்சுச் சோதிக்கிற செக்சன். அவுக மக கயலு ஒம்பதாப்பு படிக்கிறா. அவதான் போன் போட்டா. "மாமா, எனக்கு ஹிஸ்டரி காம்பிடிஷன். போர்டு வெக்கணும். வர்றீங்களா?"

போர்டுன்னு சொன்னாளா, எனக்கு ரத்தம் சூடாயிருச்சு. தாய்மாமன் சீர் செய்ய இதைவிட வாய்ப்பு வருமா? கயலு படத்தைப் பெருசாப் போட்டு, கையில வாளு, பின்னால சிங்கம், மேல "வரலாறே வருக!" அதே பூ பார்டர். அடிச்சுச் சுருட்டி, காராச்சேவு பொட்டலத்தோட ரயிலேறிட்டேன்.

செகந்திராபாத்ல எறங்குனதுமே வம்பு. ஷேர் ஆட்டோவுல ஏறுனா, சுருளோட வாலு வெளிய நீட்டிக்கிட்டு பக்கத்துல வந்த பைக்குக்காரன் ஹெல்மெட்டைத் தட்டிருச்சு. அவன் இந்தியில ஏதோ சொன்னான். ஆட்டோ டிரைவரு கொஞ்ச நாள் சென்னையில ஓட்டுனவராம், தமிழ்ல சொன்னாரு. "நவாபுக்கு முன்னாடி கொடி பிடிக்க ஆள் வரலையான்னு கேக்குறான் தம்பி." திட்டுறதுல எம்புட்டு மரியாதை பாருங்க! சாத்தூர்ல இப்படித் தட்டியிருந்தா என் பரம்பரையையே ரோட்டுல உக்கார வச்சிருப்பான்.

மல்காஜ்கிரி தாண்டி டிரைவரு ஆட்டோவை ஓரமா நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. உள்ள உக்காந்திருந்த ஆளுக ஒருத்தரும் ஏன்னு கேக்கல. ஒரு அம்மா கீரையை எடுத்து ஆய ஆரம்பிச்சுட்டாக. சரி, நாமளும் குடிப்போம்னு எறங்குனேன். ஈரானி டீ. டிகாக்சன் ஒரு பக்கம், பால் ஒரு பக்கம் தனித்தனியா சுண்டிக்கிட்டே கெடக்கு. நம்ம ஊர் மாஸ்டரு மாதிரி ஆத்துறது, வீசுறது ஒண்ணும் கிடையாது. பாயசமா டீயான்னு முடிவு பண்றதுக்குள்ள கப்பு காலி. கப்பைத்தான் சின்னதா வச்சிருக்கானுக.

வீட்டுக்குப் போயி, கூடத்துல ஃப்ளெக்ஸை விரிச்சேன். அக்கா வாயில கைய வச்சா. மச்சான் சிங்கத்தை உத்துப் பாத்தாரு. கயலு மட்டும் தலையில கைய வச்சுக்கிட்டு, "நக்கோ மாமா, நக்கோ!"ன்னா. அந்த ஊர்ல வேணாம்னா நக்கோ. "ரூல் இருக்கு. ஸ்டூடண்ட்தான் எல்லாம் செய்யணும். பெரியவங்க தொட்டா நான் அவுட்."

"அப்ப நான் எதுக்குடி வந்தேன்?"

"போர்டு தூக்குறதுக்கு."

தாய்மாமன் சீரு வாஷிங் மெஷினுக்கு மூடியாப் போச்சு. சிங்கத்து வாயில அக்கா சோப்புப் பவுடர் டப்பாவை வச்சுட்டா.

பெறகுதான் அவ செஞ்ச போர்டைப் பாத்தேன். மடக்கி விரிக்கிற மூணு அட்டை. சார்ட் பேப்பர்ல அவ கையெழுத்து. தலைப்பு, "குஷாய்குடா சங்கு". மச்சான் கம்பெனியில முந்தி ஷிப்டுக்குச் சங்கு ஊதுமாம். சுத்துப்பட்டு ஏரியா முழுக்க அதைக் கேட்டுத்தான் பால் வாங்குறது, பிள்ளைகளை எழுப்புறது, அடுப்பை அணைக்கிறது எல்லாம். ஒரு நாள் நின்னு போச்சு. எப்ப நின்னுச்சு? கயலு எடுத்துக்கிட்ட ஆராய்ச்சி அம்புட்டுத்தான். கம்பெனியில கேட்டிருக்கா, அதைப் பத்தி எழுத்துல ஒண்ணுமில்லைன்னுட்டாக. மச்சானே சங்கு நின்னதுக்கப்புறம் வேலையில சேந்தவரு. அதனால வீடு வீடாப் போயிருக்கா.

ராத்திரிச் சாப்பாட்டுல மச்சான் தன் சட்டத்தைச் சொன்னாரு. "இங்க ஜெயிச்சா டெல்லிக்கு அனுப்புறாங்களாம். அனுப்புனா, பத்தாப்பு முடியுற வரைக்கும் இவ இஷ்டம். ஊர் ஊராச் சுத்தி சங்கைத் தேடட்டும், மணியைத் தேடட்டும். இல்லைன்னா திங்கக்கிழமைல இருந்து ஐஐடி கோச்சிங். விடியறதுக்குள்ள வேன் வாசல்ல நிக்கும்."

"ஒம்பதாப்புக்கே கோச்சிங்கா மச்சான்?"

"பக்கத்து வீட்டுப் பையன் ஆறாப்புலயே போறான் மாப்ளே."

அந்தப் பையனை மறுநாள் லிப்ட்ல பாத்தேன். பையி அவனைவிடப் பெருசு. காராச்சேவு வேணுமாடான்னு கேட்டா, வாங்கிக்கிட்டு, தின்னுறதுக்கு மணியைப் பாக்குறான். அப்ப ஆரம்பிச்சது எனக்கு வயித்தெரிச்சல்.

அன்னைக்கே, கடைசியா ஒருக்கா சாட்சிகளைப் பாத்துச் சரிபாக்கணும்னு கயலு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனா. மொத சாட்சி மல்காஜ்கிரியில ஒரு தமிழ் ஆன்ட்டி. பெரியகுளத்துக்காரவுக, ஆனா ஹைதராபாத்துல பொறந்து வளந்தவுக. கல்யாணம் குஷாய்குடாவுல நடந்திருக்கு. கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டுனாக. மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டு போறாரு, நாயனக்காரரு கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதுறாரு, அந்த நேரம் பாத்து வெளிய ஊஊஊன்னு கம்பெனிச் சங்கு! நாயனக்காரரு வாயிலருந்து கருவியை எடுத்துட்டு மேல பாக்குறாரு. ஆன்ட்டிக்கு இப்பவும் ஆத்திரம். "கைக்கு அந்த நேரம் ஊதணும்? கெட்டிமேளமே இல்லாம எனக்குத் தாலி கட்டிட்டாங்க. எங்க மாமியா சாகுற வரைக்கும் சொல்லிக் காமிச்சாங்க." கைக்குன்னா எதுக்குன்னு அர்த்தம். சங்கு நின்னது தன் மூத்த மகன் பொறந்த வருஷம்தான்னு அடிச்சுச் சொன்னாக.

ரெண்டாவது சைனிக்புரியில ஒரு ரிட்டயர்டு சுபேதாரு. மீசையைப் பாத்ததும் நான் தானா நேரா நின்னுட்டேன். அவரு சொன்ன வருஷம் ஆன்ட்டி கல்யாணத்துக்கும் முந்தி. "எனக்கு நல்லா நினைவிருக்கு"ன்னு இந்தியில முழங்குனாரு. காபி கொண்டாந்த அவரு சம்சாரம் கயலு காதுல சொன்னதை அவ என் காதுல தமிழ்ல சொன்னா. "அந்த வருஷம் நின்னது சங்கு இல்லம்மா, இவரு காது." ரெண்டு பேரும் சிரிக்கக் கூடாதுன்னு காபியில மூஞ்சைப் புதைச்சுக்கிட்டோம்.

மூணாவது ஆளு மச்சான் கம்பெனியில கேன்டீன் நடத்துனவரு. அவரு சொன்னது வேற வருஷம், ஆனா அதுவும் ஆன்ட்டி கல்யாணத்துக்குப் பிந்தித்தான். வெளிய வந்ததும் கயலு என்னை மச்சான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணவிடாம நின்னுக்கிட்டே எனக்குப் பாடம் எடுத்தா. "சுபேதார் அங்கிள் சொன்னது தப்பு மாமா. வீடியோவுல சங்கு கேக்குது இல்ல? சோ, அவர் அவுட். மிச்சம் ரெண்டு. எது கரெக்ட்னு இன்னும் தெரியல."

"அப்ப போர்டுல என்னத்தை எழுதுவ?"

"தெரியலன்னு எழுதுவேன்."

அப்படித்தான் எழுதியிருந்தா. நடு அட்டையில "சங்கு நின்ற வருஷம்"னு ஒரு கட்டம், உள்ள காலி. கீழ மூணு சாட்சி சொன்னதும், ஒண்ணு ஏன் தப்புங்கிறதும், மிச்ச ரெண்டுக்கும் ஆதாரம் இன்னும் கிடைக்கலைங்கிறதும். எனக்கே புரிஞ்சுச்சு. வரலாறுல ஃபெயிலான எனக்கே!

போட்டி சைனிக்புரியில ஒரு ஸ்கூல்ல. மச்சானும் கூட வந்தாரு. போர்டை ஆட்டோவுல நான்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன். காத்து அடிக்குற அடியில அது பாய்மரமாயிருச்சு. "அண்ணே, பெட்ரோல் மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன், கொஞ்சம் தள்ளுபடி பண்ணுங்க"ன்னு டிரைவருக்கிட்டச் சைகையிலயே சொன்னேன். கயலு மொழிபெயர்க்க மாட்டேன்னுட்டா.

உள்ள போனா எங்க பாத்தாலும் சார்மினாரு. தெர்மாகோல் சார்மினாரு, ஐஸ் குச்சிச் சார்மினாரு, தீப்பெட்டிச் சார்மினாரு. நடுவுல ஒண்ணு என் நெஞ்சு உசரம், நாலு தூண்லயும் கலர் லைட்டு எரிஞ்சு அணையுது. அதுக்குப் பின்னால ஒரு அப்பா போன்ல தெலுங்குல கத்திக்கிட்டு இருந்தாரு. மச்சான் மொழிபெயர்த்தாரு. "மூணாவது தூண்ல லைட்டு எரியல, கடையில இருந்து உடனே ஆளை அனுப்புன்றாரு."

எனக்குக் காது கூசுச்சு. கடையா? பிள்ளைகதான் செய்யணும்னு ரூலாம், தாய்மாமன் தொட்டா அவுட்டாம்! என் சிங்கம் சோப்பு டப்பா சுமக்குது, இங்க கடைக்காரன் டூல் பாக்ஸோட நடுவருக்கு முன்னாலயே உள்ள போறான். நான் அந்த அப்பாகிட்டப் போயி, "சார், நல்ல வேலை, எந்தக் கடை? நானும் இந்த லைன்தான்"னு கைகுடுத்தேன். தமிழ் புரியல. பெருமையாச் சிரிச்சாரு.

நடுவரு நீலக் கோட்டு போட்டிருந்தாரு. சார்மினாரு பையன் நல்ல பிள்ளை. எவனோ எழுதிக் குடுத்ததை மனப்பாடம் பண்ணி, "ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ், குட் மார்னிங்"னு ஆரம்பிச்சு தண்ணி மாதிரிக் கொட்டுறான். நடுவுல நடுவரு ஒரு கேள்வி கேட்டாரு. பாவம், பையன் எச்சி முழுங்கிட்டு மறுபடியும் "ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ், குட் மார்னிங்"ல இருந்து ஆரம்பிச்சான். நடுவரு பூரிச்சுப் போயி முதுகுல தட்டிக் குடுத்தாரு.

கயலு முறை வந்துச்சு. இங்கிலீஷ்ல பேசுனாக, எனக்கு வெளங்குன வரைக்கும் சொல்றேன்.

"எந்த வருஷம் நின்னுச்சு?"

"தெரியல சார். ரெண்டு வருஷம் வரைக்கும் வந்துட்டேன், எதுன்னு ஆதாரம் இல்ல."

"ஆராய்ச்சின்னா விடை இருக்கணும்மா. விடை இல்லைன்னா எதை ஆராய்ச்சி பண்ணுன?"

"விடை ஏன் இல்லைன்னு பண்ணியிருக்கேன் சார்."

"சரி, ஒரு சங்கு ஊதுறதும் நிக்கிறதும் வரலாறா? ராஜா இல்ல, போர் இல்ல."

"சார், இந்த ஏரியா முழுக்க அதைக் கேட்டுத்தான் எழுந்திருச்சிருக்காங்க."

அவரு பேனாவை எடுத்து என்னமோ குறிச்சுக்கிட்டு அடுத்த சார்மினாருக்குப் போயிட்டாரு. கல்யாண வீடியோவை அவ போன்ல வச்சிருந்தா, ஒரு தடவை கேளுங்க சார்னு நீட்டுனா. திரும்பிக்கூடப் பாக்கல. கெட்டிமேளத்தையே அமுக்குன சங்கு, இந்த மனுசன் காதுல ஏறல!

மத்தியானம் நடுவருக பிரியாணி தின்னாக. மணம் வராண்டா முழுக்க. பிள்ளைகளுக்குப் பொட்டலத்துல எலுமிச்சம் சாதம், ஊறுகாய்கூட இல்ல. இதுக்கும் எனக்குக் கோவம்தான், ஆனா அது வேற கோவம். நல்லவேளை காராச்சேவு இருந்துச்சு.

அப்பத்தான் போட்டியை நடத்துற மேடம் வந்தாக. கெட்டவுக இல்ல, அதுதான் கொடுமை. கயலு தோள்ல கைய வச்சு மெதுவாத் தெலுங்குல சொன்னதை மச்சான் எனக்குச் சொன்னாரு. "சாருக்கு உன் போர்டு பிடிக்காம இல்லம்மா. கடைசிச் சுத்துல மூணு பேரு, நீயும் இருக்க. ஆனா அந்தக் கட்டம் காலியா இருந்தா முடிவுக்கான மார்க்கு சைபர்தான். சாப்பிட்டதும் சார் திரும்பி வருவாரு. அதுக்குள்ள ஏதாவது ஒரு வருஷத்தை எழுதிரு. அந்த மிலிட்டரிக்காரர் சொன்னதைப் போடு, பொறுப்பான மனுசர்."

எதை? தப்புன்னு இந்தப் பிள்ளை நிரூபிச்சு வச்சிருக்கிற ஒரே வருஷத்தை! காதோட சேந்து நின்னு போன வருஷத்தை!

சரி, நான் ஒண்ணும் அரிச்சந்திரன் இல்ல. ஃப்ளெக்ஸ் கடைக்காரன். எட்டாப்பு படிச்சவருக்கு டாக்டர் பட்டம் அடிச்சுக் குடுத்திருக்கேன். என் சட்டைப் பையில எப்பவும் மார்க்கர் இருக்கும். எடுத்து நீட்டுனேன். "எழுதுடி. கேன்டீன்காரர் சொன்னதையாச்சும் போடு. எவன் பாக்கப் போறான்? டெல்லிக்குப் போயிட்டு வந்து அழிச்சுக்குவோம்."

கயலு மார்க்கரை வாங்குனா. மூடியைக் கழட்டுனா. கை கட்டத்துக்கிட்டப் போயிருச்சு. அவ கண்ணுல அந்த விடியக்காலை வேன் தெரிஞ்சுச்சு, சத்தியமா. எழுதுனா டெல்லி, எழுதலைன்னா வேன். பதினாலு வயசுப் பிள்ளைகிட்ட வைக்கிற கணக்கா இது?

"கயல்"னாரு மச்சான்.

அவ திரும்பல. "நீங்கதானப்பா ஜெயிச்சாத்தான்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். அந்த வருஷத்தை நீ கண்டுபிடிச்சியா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு எழுதுற?"

நான் உள்ள புகுந்தேன். "மச்சான், ஒரு நம்பர்தானே?"

அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே, பதினஞ்சு வருசமா பொங்கலுக்குப் பொங்கல் பாத்த மச்சான் இல்ல அது. "எங்க டெஸ்ட் பெஞ்சுல எடுக்காத ரீடிங்கை எழுதுனா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க மாப்ளே. சரியா இருக்குமேன்னு குத்துமதிப்பாப் போட்டாலும் சரி, நிஜமாவே சரியா இருந்தாலும் சரி. எடுக்கலைன்னா கட்டத்துல குறுக்க ஒரு கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடணும். நான் எடுக்கல, வேற எவனும் இதுல எழுதக் கூடாதுன்னு அர்த்தம்."

கயலு மூக்கை உறிஞ்சுனா. பெறகு என் மார்க்கராலயே கட்டத்துக்குக் குறுக்க ஒரு கோடு இழுத்தா. பக்கத்துல பேரு எழுதுனா. மூடியைப் போட்டு என் கையில குடுத்தா.

நீலக் கோட்டு திரும்பி வந்தாரு. பல்லைக் குத்திக்கிட்டே கட்டத்தைப் பாத்தாரு. "முன்னாடி காலியா இருந்துச்சு, இப்ப அடிச்சே விட்டுட்டியா?"ன்னு சிரிச்சாரு. பக்கத்துல நின்னவுகளும் சிரிச்சாக. மச்சான் மட்டும் அந்தக் கோடு என்னன்னு விளக்க வாயைத் தொறந்தாரு. "பேரண்ட்ஸ் பேசக் கூடாது, ரூல்"னு சொல்லிட்டாரு அந்த மனுசன். கடைக்காரன் டூல் பாக்ஸு வந்தப்ப இந்த ரூலு எங்கய்யா பிரியாணி தின்னப் போயிருந்துச்சு?

டெல்லிக்கு லைட்டு சார்மினாரு போகுது. மேடையில அந்தப் பையனுக்கு மாலை போட்டாக. அவன் மைக்கைப் பிடிச்சு "ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ்"னு ஆரம்பிச்சான். நான் விசிலடிச்சேன். ஒரு வாட்ச்மேன் என்னை வெளிய கூட்டிட்டுப் போனாரு. தங்கமான மனுசன், நல்லூர்க்காரரோ நெல்லூர்க்காரரோ, கேட்டு வரைக்கும் தோள்ல கைய போட்டுக்கிட்டே வந்தாரு.

வழியெல்லாம் மச்சானோட சண்டை போட்டேன். "எழுதாதேன்னு சொன்னதும் நீங்க, கோச்சிங்ல தள்ளப் போறதும் நீங்க. இது என்ன நியாயம் மச்சான்? இந்தத் தடவை விட்டுருங்க."

"சொன்னது சொன்னதுதான் மாப்ளே."

"மீட்டருக்கு இருக்கிற இரக்கம்கூட..."

"மாமா, விடுங்க"ன்னா கயலு. போர்டுக்குப் பின்னால இருந்து குரல் மட்டும்தான் வந்துச்சு. மூஞ்சி தெரியல.

திங்கக்கிழமை இருட்டுலயே வேன் வந்துருச்சு. உள்ள வரிசையாத் தூங்குற தலைக. நடுவுல போயி உக்காந்தா. டாட்டாக்கூடக் காட்டல. நாடு முழுக்க இஞ்சினியரு ஆகட்டும், வேணாங்கல. ஆனா தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரு பிள்ளையை மெனக்கெட்டு வேன் ஏத்தி அனுப்புறானுகளே!

நான் கிளம்புறப்ப மச்சான் ரயிலடிக்கு வந்தாரு. வண்டி நகரப் போற நேரத்துல ஜன்னல்ல குனிஞ்சு சொன்னாரு. "மாப்ளே, அந்தச் சங்கை ஊதுன ஆளு இன்னும் இருக்காராம். மல்காஜ்கிரியிலதான். செக்சன்ல விசாரிச்சேன். ஞாயித்துக்கிழமை கோச்சிங் கிடையாது, கயலைக் கூட்டிட்டுப் போறேன்." சொல்லிட்டு, யாரும் கேட்டுருப்பாகளோன்னு பிளாட்பாரத்தைச் சுத்திப் பாத்துக்கிட்டாரு. எனக்கு அவரு மேல இருந்த கோவம் பாதி குறைஞ்சுச்சு. மிச்சப் பாதியைப் பத்திரமா வச்சிருக்கேன்.

இம்புட்டையும் எழுதி முனீஸுக்கு வாட்ஸப்ல அனுப்புனேன். எதுத்த மெஷின்லதான் நிக்கிறான். மெஷினை நிறுத்திட்டு முழுசாப் படிச்சான். நீலக் கோட்டைத் திட்டுவான், மச்சானைத் திட்டுவான், குறைஞ்சது என்னையாச்சும் திட்டுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். என் போன்ல அவன் மெசேஜ் வந்து விழுந்துச்சு.

"அதெல்லாம் கெடக்கட்டும்டா, அந்தச் சங்கு எப்பத்தான் நின்னுச்சு?"